களத்தில் ஆடும் நேரத்தைச் சட்டம் வாங்கித் தருமா?

டெக்சஸில் வசிக்கும் ஒரு தாய் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருடைய மகன் மூன்று வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்தவர். பள்ளி நாள்களில் அமெரிக்கக் கால்பந்தில் பெயர் எடுத்து, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் மேல்நிலையான எஃப்பிஎஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் முழு ஸ்காலர்ஷிப்புடன் 2023இல் சேர்ந்தார். படிப்பு மெக்கானிக்கல் எஞ்சினியரிங். அணியில் அவர் இடம் சேஃப்டி, அதாவது தற்காப்பு வரிசையின் கடைசிக் காவல். முதல் ஆண்டில் மூன்று ஆட்டங்களில் மட்டும் இறங்கி, அது ரெட்ஷர்ட் ஆண்டாக, அதாவது ஆடும் தகுதிக் கணக்கில் சேராத ஆண்டாகக் கழிந்தது. 2024இல் பன்னிரண்டு ஆட்டங்களிலும் இறங்கினார், ஆனால் ஏறத்தாழ முழுவதும் ஸ்பெஷல் டீம்ஸில், அதாவது பந்து உதைக்கப்படும் தருணங்களில் மட்டும் இறங்கும் அணிகளில். 2025இல் ஒவ்வொரு இடத்துக்கும் வீரர்களை வரிசைப்படுத்தும் டெப்த் சார்ட்டில் இரண்டாமவராகத் தொடங்கி, மூன்றாம் ஆட்டத்தில் கணுக்காலில் அடிபட்டு, அதை மறைத்து மேலும் இரண்டு ஆட்டங்கள் ஆடி, பிறகு உட்கார நேர்ந்தது. அவர் குணமாகித் திரும்பியபோது, வேறு கல்லூரியிலிருந்து வந்த ஒருவர் அந்த இடத்தில் நிலைபெற்றிருந்தார்.

தாயின் கேள்விகள் ஐந்து. மகனைச் சேர்க்க வீட்டுக்கு வந்த பயிற்சியாளர் "நான்கு ஆண்டும் ஆடுவான்" என்று சொன்ன வாக்கை வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா? அடிபட்ட ஆண்டைத் திரும்பப் பெற முடியுமா? பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் இடமும் பணமும் தயார் என்று சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜெண்டை நம்பலாமா? ஆட்டத்தை விட்டுவிட்டுப் பட்டத்தை முடிக்கட்டும் என்று கணவர் சொல்வது சரியா? வரும் ஆகஸ்டில் மகனுக்கு 21 வயது நிறைவதால் பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசா முடிவதும் இதில் சிக்குமா?

அன்புச் சகோதரிக்கு,

முதல் கேள்விக்கான விடை உங்களுக்கு ஏமாற்றம் தரும். கல்லூரி அணியில் ஆடும் நேரத்தை ஒருவருடைய சட்டப்படியான உரிமையாக ஏற்க அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுவாக மறுத்தே வந்திருக்கின்றன. யாரைக் களத்தில் இறக்குவது என்பதைப் பயிற்சியாளரின் தொழில்முறைத் தீர்ப்பாகவே அவை பார்க்கின்றன. உங்கள் மகன் சேர்ந்த காலத்தில் வழக்கத்திலிருந்த, கல்லூரியில் சேர வீரர்கள் கையொப்பமிடும் தேசிய விருப்பக் கடிதமும், அவர் கையொப்பமிடுவது பல்கலைக்கழகத்துடன்தான், எந்தத் தனிப் பயிற்சியாளருடனும் அல்ல என்று சொன்ன ஆவணம்தான். வாக்குக் கொடுத்த தற்காப்புப் பயிற்சியாளர் சென்ற ஆண்டே வேறிடம் போய்விட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்நிலையில் நோட்டீஸ் அனுப்பினால் அது பல்கலைக்கழகச் சட்ட அலுவலகத்தின் கோப்பில் சேரும். உங்கள் மகனைப் பற்றி இனி எந்தப் பயிற்சியாளரும் தயங்கித்தான் பேசுவார். வேறு பயன் இராது.

ஆனால் சட்டமும் விதிகளும் அவருக்கு வேறு சில பாதுகாப்புகளைத் தருகின்றன. 2024 ஆகஸ்ட் முதல் முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்கள் அனைத்தும், ஆட்டத்திறன் குறைந்தது என்ற காரணத்துக்காகவோ அடிபட்டதற்காகவோ ஸ்காலர்ஷிப்பைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. ஆட்டத்தால் வந்த காயத்துக்கு, அவர் அங்கிருந்து நீங்கிய பின்னும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். உட்கார வைத்தார்கள் என்பதற்காகப் படிப்புச் செலவு பறிபோய்விடுமோ என்று நீங்கள் அஞ்சுவதைக் கடிதத்தின் தொனியில் உணர்கிறேன். அணியில் தொடரும் வரை அந்த அச்சம் வேண்டியதில்லை.

திரும்பி வராத ஆண்டு

இரண்டாவது கேள்வியில் இரண்டு வேறு விதிகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. முதல் பிரிவில் ஒருவர் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம். கால்பந்தில் ஒரு பருவத்தில் நான்கு ஆட்டங்கள் வரை இறங்கினால் அந்தப் பருவம் கணக்கில் ஏறாது. 2018இல் வந்த இந்தச் சலுகையால்தான் 2023இல் ஆடிய மூன்று ஆட்டங்கள் அவருக்குச் செலவாகவில்லை. 2025இல் ஐந்து ஆட்டங்கள் ஆடிவிட்டதால் அந்தப் பருவம் கணக்கில் ஏறிவிட்டது.

அடிபட்டவர்களுக்கான விலக்கைப் பெற, காயம் பருவத்தின் முற்பாதியில் நேர்ந்திருக்க வேண்டும், எஞ்சிய பருவம் முழுவதையும் அது முடக்கியிருக்க வேண்டும், ஆடிய ஆட்டங்களும் மொத்தத்தில் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பன்னிரண்டு ஆட்டங்களுக்கு அது நான்கு என்று கணக்கிடப்படும். வலியை மறைத்து ஆடிய அந்த இரண்டு ஆட்டங்களே அந்தக் கதவை மூடிவிட்டன. மூடாமல் இருந்திருந்தாலும் பெரிய பயன் இருந்திராது. விலக்கு ஒரு பருவத்தைத் திருப்பித் தருமே தவிர ஐந்தாண்டுக் கடிகாரத்தை நிறுத்தாது. கடிகாரத்தை நீட்டிக்க, தம் கையில் இல்லாத காரணங்களால் ஒன்றுக்கு மேற்பட்ட பருவங்களை இழந்திருக்க வேண்டும். 2023இல் அவரை உட்கார வைத்தது அணியின் திட்டம். அது அந்தக் கணக்கில் வராது. எனவே அவர் கையில் இருப்பவை 2026, 2027 ஆகிய இரண்டு பருவங்கள், அவற்றை ஆடுவதற்குச் சரியாக இரண்டு ஆண்டுகள். இன்னொரு ஆண்டு உட்கார்ந்து உடலைத் தேற்றிக்கொள்ளலாம் என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இனி இடமில்லை.

வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் டியேகோ பவியா நீதிமன்றம் சென்று கூடுதல் ஆண்டு பெற்றதைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 2024 டிசம்பரில் அவர் பெற்ற தடையாணை, இரண்டாண்டு ஜூனியர் கல்லூரியில் ஆடிய பருவங்களை என்சிஏஏ கணக்கில் சேர்ப்பது பற்றியது. உங்கள் மகன் நேரடியாகப் பல்கலைக்கழகம் சென்றவர் என்பதால் அந்த வழக்கு அவருக்கு உதவாது.

ஏன் இறக்கவில்லை?

உங்கள் கடிதத்தில் விதிகளைப் பற்றி நிறைய இருக்கிறது. ஆட்டத்தைப் பற்றி மிகக் குறைவு. "அவனைவிடத் திறமை குறைந்தவர்களை இறக்குகிறார்கள்" என்ற ஒரு வரிதான் இருக்கிறது. சேஃப்டி இடத்துக்குப் பயிற்சியாளர்கள் ஆள் தேர்ந்தெடுக்கும்போது திறமையைவிட நம்பகத்தையே முதலில் பார்ப்பார்கள். முன்வரிசையில் ஒருவர் தவறினால் பின்னால் தடுக்க ஆள் உண்டு. சேஃப்டி தவறான திசையில் ஓர் அடி வைத்தால் எதிரணிக்கு ஆறு புள்ளிகள் போய்விடும். பந்து நகர்வதற்கு முந்தைய சில நொடிகளில் எதிரணியின் அமைப்பைப் பார்த்துக் கூட்டாளிகளுக்கு மாற்றம் சொல்வதும் பெரும்பாலும் அவர் பொறுப்பே. சென்ற ஆண்டு புதுப் பயிற்சியாளர் வந்தார் என்றால் சைகைகளும் சொற்களும் புதிதாக வந்திருக்கும். பருவத்தின் நடுவில் ஏழு வாரம் விலகியிருந்தவரை அந்த இடத்தில் இறக்கப் பயிற்சியாளர் தயங்குவது வன்மமாக இருக்க வேண்டியதில்லை.

ஆகவே பருவ முடிவில் ஒவ்வொரு வீரரையும் தனியே அழைத்துப் பேசும் எக்ஸிட் மீட்டிங்கில் உங்கள் மகன் கேட்க வேண்டியது "எனக்கு ஏன் வாய்ப்பு இல்லை?" என்பதல்ல. அந்தக் கேள்விக்கு "உழைத்துக்கொண்டே இரு" என்ற பதில்தான் எல்லா ஊர்களிலும் கிடைக்கும். பயிற்சிக் காணொளிகளில் ஒவ்வொரு ஸ்னாப்புக்கும், அதாவது ஒவ்வொரு ஆட்ட நகர்வுக்கும், பயிற்சியாளர்கள் மதிப்பெண் இட்டுவைப்பது வழக்கம். தம் மதிப்பெண்களைப் பார்க்கலாமா, எந்த வகை அமைப்புகளில் தாம் பிழை செய்கிறோம், வரும் பருவத்தில் ஸ்பெஷல் டீம்ஸின் எந்தெந்த அணிகளில் தம்மை முதலாளாக வைக்க எண்ணுகிறீர்கள் என்று அவர் குறிப்பாகக் கேட்கட்டும். வசந்தகாலப் பயிற்சிக்கு அனுமதிக்கப்படும் 15 நாள்களில்தான் அடுத்த பருவத்தின் டெப்த் சார்ட்டுக்கு உருவம் கிடைக்கிறது. அதற்குள் கணுக்கால் முழுமையாகத் தேறியிருக்குமா என்பதையும் அணி மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

ஸ்பெஷல் டீம்ஸை நீங்கள் ஓரங்கட்டப்பட்டதாகவே எழுதுகிறீர்கள். இந்த எண்ணத்தை நான் பல பெற்றோரிடம் பார்த்திருக்கிறேன். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற, வீரர்களுக்குப் பணம் தருவது குறித்த ஹவுஸ் வழக்கு உடன்பாட்டின்படி, அதில் இணைந்த பல்கலைக்கழகங்களில் கால்பந்து அணிக்கு 105 பேர் என்ற உச்சவரம்பு வந்திருக்கிறது. முன்பு 85 ஸ்காலர்ஷிப்புகளுக்கு மேல் ஸ்காலர்ஷிப் இல்லாத வாக்-ஆன் வீரர்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்ட அணிகள் இப்போது ஒருவரையே இரண்டு மூன்று வேலைகளுக்குப் பயன்படுத்தியாக வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதையான கிக்காஃபை 25 கஜக் கோட்டுக்குள் ஃபேர் கேட்ச்சாக, அதாவது ஓடாமல் பிடித்தாலே பந்து 25இல் வைக்கப்படும் என்ற விதி வந்தபின் அந்த அணியின் முக்கியத்துவம் சற்றுக் குறைந்தது உண்மைதான். ஆனால் பந்தை எதிரணியிடம் தொலைவாக உதைத்துவிடும் பன்ட் அணி அப்படியல்ல. தொழில்முறை என்எஃப்எல்லில் பந்து உதைபடும் முன் இரு ஓரத்து வீரர்கள் மட்டுமே முன்னோக்கி ஓடலாம். கல்லூரி ஆட்டத்தில் எல்லாருமே ஓடலாம். அதனால் வேகமும் தடுத்து வீழ்த்தும் திறனும் உள்ள சேஃப்டிகளுக்கு அதில் நிலையான இடம் உண்டு. 2024இல் பன்னிரண்டு ஆட்டங்களும் அவர் களத்தில் இருந்தார் என்பது, ஒரு பயிற்சியாளர் அவரை வாரம் தவறாமல் நம்பினார் என்பதற்கான பதிவு. வேறு கல்லூரிகள் அவரைப் பார்க்கும்போது முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

இன்னொன்று, பெரும்பாலான அணிகள் இன்று ஐந்து பின்வரிசைத் தற்காப்பாளர்களுடன்தான் அதிக நேரம் ஆடுகின்றன. நிக்கல் எனப்படும் அந்த ஐந்தாமவரின் வேலையையும் கற்றுக்கொண்டவருக்கு, முன்னால் இருப்பவர் அடிபடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சீராக ஆட்ட நேரம் பெறுபவர்களில் பலர் இரண்டு இடங்களைத் தெரிந்துவைத்திருப்பவர்களே. அவர் இதைக் கேட்டிருக்கிறாரா என்று கடிதத்தில் இல்லை.

போர்ட்டலில் பெயர் கொடுப்பது

2024 ஏப்ரலில் வந்த மாற்றத்தின்படி, படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை கல்லூரி மாறினாலும் உடனே ஆடலாம். ஆனால் மாற விரும்புவோர் போர்ட்டல் என்ற பதிவேட்டில் பெயர் கொடுக்கும் காலம் சுருங்கிவிட்டது. முன்பிருந்த ஏப்ரல் வாய்ப்பு நீக்கப்பட்டு, இம்முறை 2026 ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே காலம்தான். தலைமைப் பயிற்சியாளர் மாறினால் மட்டுமே தனியாகப் பதினைந்து நாள் கிடைக்கும். தற்காப்புப் பயிற்சியாளர் விலகியது அதற்குக் காரணமாகாது. பெயர் கொடுத்தால் நடப்பு செமஸ்டர் முடிந்தபின் ஸ்காலர்ஷிப்பை நிறுத்தப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை வந்துவிடும் என்பதையும், மனம் மாறித் திரும்பினால் சேர்த்துக்கொள்ளும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை என்பதையும் கணவரிடம் சொல்லிவிடுங்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுக்கிறார்கள். கணிசமானோர் எங்கும் இடம் கிடைக்காமல் நிற்கிறார்கள்.

அந்த ஏஜெண்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். போர்ட்டலில் பெயர் இல்லாத வீரரிடம் வேறு கல்லூரி நேரடியாகவோ ஆள் வைத்தோ பேரம் பேசுவது விதிமீறல். டெக்சஸில் விளையாட்டு வீரர்களின் ஏஜெண்டாகச் செயல்படுபவர் மாநிலச் செயலாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். முன்பணம் கொடுக்காதீர்கள்.

பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போவதே முன்னேற்றம் என்று அவர் உங்களை நம்பவைத்திருக்கிறார். இரண்டே ஆண்டுகள் மீதமுள்ள, தற்காப்பில் அதிகம் ஆடாத ஒரு சேஃப்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே அவருக்கு முன்னால் நிற்கும் வரிசை இன்னும் நீளம். மாற்றம் வேண்டுமென்றால் முதல் பிரிவிலேயே அடுத்த நிலையான எஃப்சிஎஸ் அணிகளைப் பாருங்கள். 2020 என்எஃப்எல் தேர்வின் இரண்டாம் சுற்றில் தேர்வான ஜெரமி சின் சதர்ன் இல்லினாய் என்ற எஃப்சிஎஸ் பல்கலைக்கழகத்தில் சேஃப்டியாக ஆடியவர். அதே சுற்றில் அவருக்கு முன்பே தேர்வான கைல் டகர், இரண்டாம் பிரிவைச் சேர்ந்த லெனோர்-ரைன் பல்கலைக்கழகத்துச் சேஃப்டி. எந்தக் கல்லூரியானாலும் பெயரைப் பார்க்கும் முன் அங்கே எத்தனை சேஃப்டிகள் இருக்கிறார்கள், அவர்களில் யாருக்கு எத்தனை ஆண்டுகள் மீதம், தற்காப்புப் பயிற்சியாளரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று ஒரு தாளில் எழுதிப்பாருங்கள். எந்த வாக்குறுதியையும்விட அந்தத் தாள் அதிகம் சொல்லும்.

பட்டமும் ஆட்டமும்

ஆட்டத்தை விட்டுவிட்டுப் பட்டத்தை முடிக்கட்டும் என்று உங்கள் கணவர் சொல்வதில், இரண்டும் எதிரெதிர் என்ற எண்ணம் இருக்கிறது. விதிப்படி இரண்டும் பிணைந்தவை. நான்காம் ஆண்டைத் தொடங்க, தான் படிக்கும் பட்டத்தில் 60 சதவீதமும், ஐந்தாம் ஆண்டைத் தொடங்க 80 சதவீதமும் முடித்திருக்க வேண்டும். மாறிச் சென்றால் புதிய கல்லூரியின் பட்டத்தை வைத்தே அது கணக்கிடப்படும். 128 கிரெடிட் கொண்ட எஞ்சினியரிங் பட்டத்தில் 60 சதவீதம் என்பது 77. அவர் 90 முடித்திருந்து புதிய கல்லூரி 70ஐ மட்டுமே பட்டத்தில் ஏற்றால் அவர் களத்தில் இறங்கவே முடியாது. கல்லூரி மாறும் மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டுகளை இழப்பதாக அமெரிக்க அரசின் பொறுப்புக்கூறல் அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. அது எல்லா மாணவர்களுக்குமான கணக்கு என்றாலும் அலட்சியம் செய்யத்தக்கதல்ல. எந்தப் பாடங்கள் ஏற்கப்படும் என்பதைப் பயிற்சியாளரிடமிருந்தல்ல, அந்த எஞ்சினியரிங் துறையிடமிருந்து எழுத்தில் வாங்காமல் கையொப்பமிட வேண்டாம்.

ஒஹாயோ ஸ்டேட்டில் வாய்ப்பின்றி இருந்த ஜோ பரோ, மூன்றே ஆண்டுகளில் பட்டத்தை முடித்துவிட்டிருந்ததால்தான் 2018இல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்எஸ்யூவுக்கு மாறியவுடனே ஆட முடிந்தது. அன்றைய விதிப்படி பட்டம் முடிக்காதவர்கள் ஓராண்டு உட்கார வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அவர் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் பரிசு பெற்றதை உங்கள் மகன் நன்கு அறிவார். பட்டத்தால் கிடைத்த வாய்ப்பு அது என்பதைக் கணவர் அறிய வேண்டும்.

பணமும் விசாவும்

2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்பது உண்மை. ஆனால் எச்-4இல் இருக்கும் பிள்ளைகளுக்கு வேலை செய்யும் அனுமதி இல்லை. எஃப்-1 மாணவருக்கும் அது மிகக் குறுகிய வரம்புக்குள்தான். ஸ்காலர்ஷிப் பெறுவதில் சிக்கல் இல்லை. வருவாய்ப் பங்கு, விளம்பரப் பணம் ஆகியவை வேலைக்கான ஊதியமாகக் கருதப்படுமா என்பது இன்னும் தெளிவாகத் தீர்க்கப்படாத கேள்வி. விசா மீறலாகக் கொள்ளப்பட்டால் ஆட்டம், படிப்பு, உங்கள் குடும்பம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் கிரீன் கார்டில் அவருடைய பங்கு ஆகிய மூன்றுமே ஆட்டம் காணும். ஏஜெண்ட் சொல்லும் தொகை எவ்வளவானாலும், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவர் படிக்காமல் அவர் எதிலும் கையொப்பமிடக் கூடாது.

எஃப்-1க்கு மாறுவதற்கான விண்ணப்பம் ஆகஸ்டில் 21 நிறையும் முன்பே சேர்ந்திருக்க வேண்டும். அதற்கான சேர்க்கைச் சான்றான ஐ-20 படிவத்தைத் தருவது அவர் படிக்கப்போகும் பல்கலைக்கழகம். ஆகவே கல்லூரி மாறுவதா என்ற முடிவு முதலில் வர வேண்டும், விண்ணப்பம் அதன் பிறகு. ஒரு கல்லூரியின் படிவத்தை வைத்து விண்ணப்பித்துவிட்டு, அது நிலுவையில் இருக்கும்போது வேறு கல்லூரிக்குத் தாவுவது வேண்டாத சிக்கலைக் கொண்டுவரும்.

உங்கள் பங்கு

நீங்கள் பயிற்சியாளரை அழைத்துப் பேச விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. வயது வந்த மாணவரின் கல்விப் பதிவுகளைப் பற்றிப் பெற்றோருடன் பேசக் கல்லூரிகளுக்கு ஃபெர்பா சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு. அதைவிட, அம்மா பேசியதால் களத்தில் இறக்கப்பட்டவர் என்ற பெயர் அணி அறையில் அவருக்கு எந்த உதவியும் செய்யாது. நீங்கள் செய்யக்கூடியது வேறு. கணுக்காலின் எம்ஆர்ஐ, சிகிச்சைக் குறிப்புகள், பயிற்சியுதவியாளர் எழுதிய நாள்வாரிப் பதிவுகள் ஆகியவற்றின் நகல்களை அவர் இப்போதே கேட்டு வாங்கும்படி செய்யுங்கள். அடிபட்டால் மறைக்கக் கூடாது என்பதையும், ஆட அனுமதிப்பதும் மறுப்பதும் அணி மருத்துவரின் முடிவாக இருக்க வேண்டும், பயிற்சியாளருடையதாக அல்ல என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகனின் விருப்பம் என்ன என்பது இவ்வளவு நீண்ட கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. ஏஜெண்ட் என்ன சொல்கிறார், கணவர் என்ன நினைக்கிறார், உறவினர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. வாரத்துக்கு ஐந்தாறு பன்ட்களில் ஓடிக்கொண்டே இந்தப் பட்டத்தை இங்கேயே முடிப்பதில் அவருக்கு நிறைவு உண்டா, அல்லது சிறிய அணியானாலும் ஆட்டம் முழுவதும் களத்தில் நிற்க வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். ஏஜெண்டின் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு, எக்ஸிட் மீட்டிங் முடிந்த வாரத்திலேயே இதைக் கேளுங்கள்.

பயிற்சியாளர் மதிப்பெண்களைக் காட்டி, குறிப்பிட்ட பணிகளைப் பெயர் சொல்லி ஒப்படைப்பாரானால், நான் அவர் இடத்தில் இருந்தால் தங்குவேன். பொதுவான ஊக்கச் சொற்கள் மட்டுமே கிடைத்தால், ஜனவரி 2க்கு முன்பே இரண்டு மூன்று எஃப்சிஎஸ் பல்கலைக்கழகங்களின் எஞ்சினியரிங் பாடத்திட்டத்தோடு தம் பாடப் பதிவேட்டை அவர் ஒப்பிட்டுவைத்திருக்க வேண்டும். அந்த ஒப்பீட்டுக்கு எந்தப் பயிற்சியாளரின் அனுமதியும் தேவையில்லை. பாடத்திட்டங்கள் எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன.